பிரிந்தபின்னும் பிரியாத பெயர்

கேள்வி: எனக்கு 41 வயது. மணமுறிவின் இறுதித் தீர்ப்பு வந்து இரண்டு மாதமாகிறது. 9 வயது மகன் என்னோடு இருக்கிறான். கல்யாணமான புதிதில் என் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணம் முழுவதற்கும் கணவரை நியமித்திருந்தேன். தீர்ப்போடு அதெல்லாம் தானாகவே ரத்தாகிவிடும் என்கிறாள் தோழி. உண்மையா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இல்லை சகோதரி. தோழி தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். கல்யாணம் செய்துகொண்டால்தான் பழைய நியமனம் ரத்தாகும். மணமுறிவு அதைத் தொடாது. இன்று உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணம் முன்னாள் கணவருக்குத்தான் போகும். உயில் எழுதியும் தடுக்க முடியாது. சிபிஎஃப் பணம் உயிலுக்குள் வராது.

அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக வீட்டிலிருந்தே நியமனத்தை மாற்றலாம், கட்டணமில்லை. 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக்கூடாது. மகன் பெயரைப் போட்டால், அவனுக்கு 18 வயதாகும்வரை அவன் பங்கைப் பொது அறங்காவலர் வைத்திருப்பார். 'அம்மா பெயரில் போட்டால் பேரனைப் பார்த்துக்கொள்வார்' என்று தோன்றும். சட்டப்படி அது அம்மாவின் பணமாகிவிடும். நானாக இருந்தால் மகன் பெயரையே போடுவேன்.

உயிலும் இதே கதைதான், மணமுறிவால் செல்லாமல் போகாது. பழைய உயில் இருந்தால் புதிதாக எழுதிவிடுங்கள்.

காப்பீட்டில்தான் சிக்கல் வரலாம். உங்கள் பாலிசியில் இருப்பது சாதாரண நியமனமா, அறக்கட்டளை நியமனமா (பாலிசிப் பணத்தின் உரிமையை நியமிக்கப்பட்டவருக்கே விட்டுக்கொடுப்பது) என்று முதலில் கேளுங்கள். முன்னது என்றால் நீங்களே மாற்றலாம். பின்னது என்றால், நியமிக்கப்பட்ட எல்லாரும் அல்லது உங்களைத் தவிர்த்த அறங்காவலர் ஒருவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஆக, முன்னாள் கணவரிடமே கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டி வரலாம். சங்கடம்தான், ஆனாலும் பேச்சுவார்த்தை இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. அப்புறம், டிபிஎஸ் எனும் சார்ந்திருப்போர் பாதுகாப்புக் காப்பீட்டுக்குச் சந்தா சிபிஎஃப்பிலிருந்து போனாலும் சிபிஎஃப் நியமனம் அதற்குப் பொருந்தாது. அதைக் கிரேட் ஈஸ்டர்ன் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியாகச் செய்ய வேண்டும்.

எல்பிஏ பத்திரத்தில் (நீங்கள் மனத்திறன் இழந்தால் உங்களுக்காக முடிவெடுக்க ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) அவரை நியமித்திருந்தால் மட்டும், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, மணமுறிவோடு அவர் அதிகாரம் போய்விடும். தோழி இதைக் கேள்விப்பட்டுத்தான் குழப்பிக்கொண்டாரோ என்னவோ! மாற்று ஆள் யாரையும் குறிப்பிடவில்லை என்றால் புதுப் பத்திரம் போடுங்கள்.

இன்னொன்று. நாளைக்கு மறுமணம் செய்துகொண்டால், இப்போது போடும் சிபிஎஃப் நியமனமும் ரத்தாகும். அன்றைக்கு மறுபடி சிங்பாஸைத் திறக்க வேண்டியிருக்கும்.