கழிச்சலில் கரையும் ஹெச்.எஃப். கன்றுகள்: அபோ-பி மரபணுவைச் சந்தேகிக்க வேண்டியது எப்போது?

கேள்வி: ஐயா, என்னிடம் ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினப் பசு ஒன்றும், அதற்குப் பிறந்து இப்போது முதல் ஈற்று முடித்த கிடேரி ஒன்றும் இருக்கின்றன. ஐந்து வருடமாக இரண்டுக்கும் ஒரே காளையின் உறைவிந்தில்தான் சினை ஊசி போடுகிறோம். அந்தக் கிடேரியும் அதே காளைக்குப் பிறந்ததுதான். கிடேரியின் கன்று இரண்டு மாதத்தில் ஓயாத கழிச்சலில் இறந்துவிட்டது. இப்போது பெரிய பசுவின் ஐந்து வாரக் கன்றும் அதே மாதிரி. பால் நன்றாகக் குடிக்கிறது, ஆனால் உடம்பு தேறவில்லை. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 14 மில்லிகிராம்தான் இருக்கிறது, அபோ-பி மரபணுக் கோளாறாக இருக்கலாம் என்றார் டாக்டர். இது என்ன நோய்? பசுவை விற்றுவிட வேண்டுமா? கன்று ஈன்றதும் பெரிய பசுவுக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டது என்றும் சொன்னார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: டாக்டர் சந்தேகிப்பது ‘கொலஸ்ட்ரால் குறைபாடு’ (சுருக்கமாக சிடி) என்ற பரம்பரை நோயை. பசுவை விற்க வேண்டாம். மாற்ற வேண்டியது காளையை. இன்றிலிருந்து அந்தக் காளையின் உறைவிந்துக் குச்சியைத் தாய், மகள் இரண்டுக்கும் நிறுத்துங்கள்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தம் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே குடலில் செரித்த பால் கொழுப்பு உடம்புக்குள் போய்ச் சேர ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டியின் அச்சுதான் அபோ-பி என்ற புரதம். குடலில் உருவாகும் குட்டையான வடிவத்துக்கு அபோ-பி 48 என்று பெயர். ஈரலில் உருவாகும் முழு நீள வடிவம் அபோ-பி 100. இரண்டும் ஒரே மரபணுவிலிருந்து வருபவை. மாட்டில் அது 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது.

ஹோல்ஸ்டீன் இனத்தின் ஒரு வம்சாவளியில், இந்த மரபணுவின் 5-ஆவது எக்ஸானுக்குள் (புரதத்துக்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதி) சுமார் 1,300 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு புகுந்து உட்கார்ந்திருக்கிறது. பழைய வைரஸ் ஒன்றின் மிச்சம் அது. அந்த இடத்தோடு புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. பாதி என்று சொல்வதே அதிகம், கிட்டத்தட்ட 97 சதவீதம் உருவாவதே இல்லை. இரு பெற்றோரிடமிருந்தும் இந்தப் பழுதைப் பெற்ற கன்று குடிக்கும் பாலின் கொழுப்பு குடல் சுவரின் செல்களிலேயே தேங்கிவிடும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்தே பயணிப்பவை என்பதால் அவையும் உள்ளே போகாது. பால் குடித்தும் கன்று கரைவதற்கு இதுதான் காரணம்.

2015-இல் ஜெர்மனியின் ஹோல்ஸ்டீன் மந்தைகளில் இந்தக் குறைபாடு அடையாளம் காணப்பட்டது. மரபணுவில் உள்ள பழுது 2016-இல் தெரியவந்தது. வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தபோது 1991-இல் பிறந்த மாக்லின் ஸ்டார்ம் என்ற கனடாக் காளையில் போய் நின்றது. நல்ல கறவைக் குணத்துக்காக அதன் வாரிசுகள் பல நாடுகளில் பயன்பட்டதால், பழுதும் கூடவே பரவியது. ஜெர்சியோ நாட்டு மாடோ ஹெச்.எஃப். ரத்தம் கலக்காதவரை இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் கழிகிற கன்றுக்கெல்லாம் மரபணுவைக் குற்றம் சொல்லக் கூடாது. முதலில் சாணப் பரிசோதனை செய்து குடற்புழு, ரத்தக்கழிச்சல், கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி மூன்றும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சந்தேகத்தை வலுப்படுத்துபவை இவை: காய்ச்சல் இல்லாமல், குடிக்கும் ஆசை குறையாமல், எந்த மருந்துக்கும் நிற்காமல் வாரக்கணக்கில் தொடரும் கழிச்சல், அதோடு 25 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிய கொலஸ்ட்ரால். உங்கள் கன்றின் 14 இதற்குள் வருகிறது. பிறந்த முதல் ஓரிரு நாளில் எல்லாக் கன்றுக்கும் கொலஸ்ட்ரால் குறைவாகத்தான் இருக்கும். பால் குடிக்கக் குடிக்க ஏறும். அதனால் அந்த வயதில் எடுத்த அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது. பட்டினி கிடந்த கன்றிலும் அளவு இறங்கும் என்பதால் ஐந்து வாரத்திலும் இந்த எண் சந்தேகத்தைத்தான் தரும். தீர்ப்பு மரபணுப் பரிசோதனையில்தான்.

உங்களிடம் ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் வசதி என்றால் கன்றைச் சோதியுங்கள். அதற்கு இரண்டு பிரதியும் பழுது என்று வந்தால், தாயும் காளையும் கடத்திகள் (ஒரு பிரதி மட்டும் பழுதாக இருப்பதால் தனக்கு நோய் வராமல் கன்றுக்குப் பழுதைக் கடத்தக்கூடியவை) என்பது தானாகவே உறுதியாகிவிடும். சினை ஊசிப் பதிவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரத்தம் என்றால் ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் 2–3 மில்லி எடுத்து, குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, குளிர்ச்சியில் அனுப்ப வேண்டும். வால் நுனி மயிரும் போதும். கத்தரிக்கக் கூடாது, வேரோடு பிடுங்க வேண்டும். நுனியில் வெள்ளைக் குமிழ் தெரிகிற 25–30 மயிர், உலர்ந்த காகித உறையில். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். இரட்டைக் கன்றாகப் பிறந்ததற்கு மயிர்தான் நல்லது. இரட்டையரின் ரத்தம் கருவிலேயே ஒன்றோடொன்று கலந்திருக்கும், முடிவு குழம்பும். கன்று இதற்குள் இறந்துவிட்டால் காது நுனியை வெட்டி சாராய ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். ஃபார்மலினில் போடாதீர்கள், டிஎன்ஏ கெட்டுவிடும்.

அபோ-பி மரபணுவையே நேரடியாகப் பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்துக் குறியீடுகளை வைத்துக் கணிக்கும் பழைய முறையில், பழுது புகாத மூதாதை வடிவத்தைச் சுமக்கும் மாடும் கடத்தி என்று தவறாக வந்துவிடும். பெரிய மாட்டின் கொலஸ்ட்ரால் அளவை வைத்துக் கடத்தியா இல்லையா என்று சொல்லவும் முடியாது. கடத்திகளுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் ஈன்ற சமயத்தில் எல்லாப் பசுவுக்குமே அது இறங்கும்.

கணக்கு இப்படி. கடத்திப் பசுவுக்குக் கடத்திக் காளை என்றால் ஒவ்வொரு ஈற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கன்றுக்கு. அந்த ஜோடிக்குப் பிறந்து நல்லபடியாக வளர்ந்த கன்று கடத்தியாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. உங்கள் கிடேரி இந்த இடத்தில்தான் நிற்கிறது; அதன் கன்றும் இதே நோயில்தான் இறந்தது என்றால் அது கடத்தியேதான். அதற்கு அப்பன் காளையையே திரும்பப் போட்டது இந்த நோய் இல்லாவிட்டாலும் தவறு. மறைந்திருக்கும் எந்தப் பழுதும் இப்படித்தான் வெளியே வரும். அதே பசுவுக்குப் பழுதற்ற காளையைப் போட்டால் ஒரு கன்றும் இந்த நோயில் சாகாது. பாதிக் கன்றுகள் கடத்தியாகப் பிறக்கலாம், அவ்வளவே. காளைப் பட்டியலில் சிடிஎஃப் என்றிருந்தால் சோதித்துப் பழுதில்லை என்று பொருள், சிடிசி என்றிருந்தால் கடத்தி. எந்தக் குறியும் இல்லாத ஹெச்.எஃப். காளையைப் பழுதற்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கேளுங்கள்.

இப்போதுள்ள கன்று விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முடிவு உறுதியானால் இதற்கு மருந்து இல்லை. உப்பு-சர்க்கரைக் கரைசலும் வைட்டமின் ஊசியும் சில நாள் தாங்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் போய்விடும். ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் போட்டு அதை வதைக்காதீர்கள். எழ முடியாத நிலை வரும்வரை காத்திருக்காமல் டாக்டரோடு பேசி வேதனையில்லாத முடிவைக் கொடுப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

பெரிய பசுவின் ஈரல் கொழுப்பு தனிக் கதை, ஆனால் வண்டி அதேதான். ஈன்றதும் தீனி குறைந்து பால் ஏறும்போது, உடம்பில் சேமித்த கொழுப்பு உருகி ஈரலுக்கு வந்து குவிகிறது. அதை மூட்டை கட்டி வெளியே அனுப்ப அபோ-பி 100 வேண்டும். அசைபோடும் விலங்குகளின் ஈரலுக்கு இந்த வேலையில் இயல்பாகவே வேகம் குறைவு. கடத்தியாக இருப்பதால்தான் இது வந்தது என்று முடிவு கட்ட வேண்டாம், கொழுத்த எந்தப் பசுவுக்கும் வரும். அடுத்த ஈற்றுக்கு, வற்றுக்காலத்தில் உடல்நிலை மதிப்பெண் ஐந்துக்கு 3 முதல் 3.5-க்குள் இருக்கட்டும். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து மூன்று வாரம் பின்புவரை, முதல் வயிற்றில் சிதையாதபடி பூச்சிட்ட கோலின் கொடுக்கலாம். அந்த மூட்டையின் மேலுறைக்குத் தேவையான பொருள் அது. பூச்சில்லாத சாதாரணக் கோலினை வாங்கிப் போட்டால் முதல் வயிற்று நுண்ணுயிர்களே சிதைத்துவிடும், பசுவுக்கு ஒன்றும் சேராது.