மாமியார் அனுப்பிய நாவல்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த நான், 11 ஆண்டுகளாக அமெரிக்காவின் ஒமாஹா நகரில் செவிலியராக இருக்கிறேன். என் கணவர் அமெரிக்கர். நெப்ராஸ்கா மாநிலத்தின் சாண்ட்ஹில்ஸ் புல்வெளியில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பத்தின் மூத்த மகன். 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு குடும்பத்துக்கு 640 ஏக்கர் வழங்கியபோது இவருடைய பூட்டனார் பெற்ற நிலம் அது. இங்கிருந்து காரில் ஐந்து மணி நேரம் போக வேண்டும்.

கிறிஸ்துமஸ் பரிசாக மாமியார் எனக்கு ஒரு கிறிஸ்தவக் காதல் நாவலை அனுப்பியிருந்தார். நகரத்தில் நல்ல வேலையில் இருக்கும் மகள், அப்பாவுக்கு உடல்நலம் கெட்டதும் குடும்பப் பண்ணைக்குத் திரும்புகிறாள். பழைய காதலன் அங்கே மேற்பார்வையாளனாக இருக்கிறான். வங்கிக் கடன் அடைகிறது. தேவாலயத்தில் கல்யாணம் நடக்கிறது. இதை எனக்கு எதற்காக அனுப்பினார் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். எங்கள் கல்யாணத்திலிருந்தே என்னை "என் ரூத்" என்றுதான் அழைக்கிறார். மாமியார் நகோமியோடு சொந்த ஊரை விட்டு வந்த வேதாகம மருமகள்தான் ரூத். ஒருமுறை சொந்த மண்ணை விட்டு வந்தவள், இவர்களுக்காக இரண்டாவது முறையும் ரூத்தாக வேண்டுமா?

நாவலே படிக்காத என் கணவர் அதை இரண்டே இரவில் படித்து முடித்துவிட்டு, ஆண்டவர் தன்னை வீட்டுக்கு அழைப்பதாகவும், வீட்டைவிட்டுப் போன மகன் தகப்பனிடம் திரும்பும் உவமையுள்ள லூக்கா 15ஆம் அதிகாரம் தனக்காகவே எழுதப்பட்டதுபோல் இருப்பதாகவும் சொல்கிறார். டென்வரில் வசதியாக இருக்கும் இளைய மகனை மட்டும் எந்த அதிகாரமும் அழைப்பதில்லை. என் வேலையையும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியார் புத்தகத்தில் பென்சிலால் கோடு வேறு போட்டிருக்கிறார். அதுவும் கதாநாயகி வீடு திரும்பும் இடத்தில் இல்லை. பண்ணையம்மா, தன் கணவர் எழுதிய கன்றுக் கணக்கு நோட்டை, எல்லோரும் தூங்கியபிறகு சமையலறையில் உட்கார்ந்து ரகசியமாகத் திருத்தி எழுதும் இடத்தில். இந்தக் கணக்கு வேலையெல்லாம் இனி என் தலையில்தான் என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

போன நவம்பரில் நன்றி நவிலல் விருந்துக்குப் போயிருந்தபோதும் இதே பேச்சுதான். மாமனாருக்கு 78 வயதாகிறது. 200 மாடுகளின் காது வில்லை எண்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், அன்று தானே செய்து மாட்டிய கேட்டுச் சங்கிலியைக் கழற்றத் தெரியாமல் சிறிது நேரம் நின்றார். குளிர் என்று சொல்லிச் சிரித்துவிட்டார். இரவில் என்னிடம் என் அப்பா நலமா என்று கேட்டார். அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று தொலைபேசியில் எங்களோடு ஜெபம் செய்தவரே இவர்தான். வயதானால் இதெல்லாம் சகஜம்தான், நான் இதை என் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே மூட்டை கட்டிவிடுவார். எனக்கு வருத்தமெல்லாம் அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான். நேரில் கேட்காமல் ஒரு கதையை அனுப்பி மருமகளை வளைக்கப் பார்ப்பது நியாயமா? மாமியாருக்கு எப்படிப் புரியவைப்பது?

இப்படிக்கு,
இரண்டாம் முறை ரூத்தாக விரும்பாதவள்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நாவலும் மாமியாரும் கொழுந்தனாரும் பக்கம் பக்கமாக வருகிறார்கள். ஆனால் சங்கிலியைக் கழற்றத் தெரியாமல் கேட்டருகே நின்ற ஒரு முதியவர் நாலைந்து வரிகளில் வந்து போய்விடுகிறார். "வயதானால் சகஜம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பணியாற்றும் வார்டில் ஒரு நோயாளியின் மகள் இதே இரண்டு சம்பவங்களையும் சொல்லியிருந்தால், சகஜம் என்று சொல்லி அவளை அனுப்பியிருப்பீர்களா? சகஜம் என்று நீங்களே நம்பியிருந்தால், கணவரிடமிருந்து அதை மறைக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இனி அந்தப் பென்சில் கோட்டுக்கு வருகிறேன். கல்யாணக் காட்சியையும் மகள் திரும்பி வரும் காட்சியையும் விட்டுவிட்டு, கணவருடைய நோட்டை இரவில் திருத்தி எழுதும் ஒரு வயதான பெண்ணுக்கு அடியில் உங்கள் மாமியார் கோடு போட்டிருக்கிறார். அந்த வரியில் அவர் காட்டியது உங்களை என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது அவரே என்று படுகிறது. நான் ஊகித்துத்தான் சொல்கிறேன், அது தவறாகவும் இருக்கலாம். ஆனால், நீங்கள் நவம்பரில் ஒரே நாளில் கண்டதை, அவர் எத்தனை மாதங்களாக நாள்தோறும் கண்டுகொண்டு, கணவரின் மானம் போய்விடுமே என்று வாயைத் திறக்க முடியாமல் இருக்கிறாரோ. "என் ரூத்" என்ற விளியையும் அந்தக் கோட்டோடு சேர்த்துப் பாருங்கள். வேதத்தில் நகோமி ரூத்தை வரும்படி அழைக்கவே இல்லை, உன் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போ என்றுதான் சொன்னாள். ஊர் வந்து சேர்ந்ததும், தன்னை நகோமி என்று சொல்லாமல் கசப்பு என்று பொருள்படும் மாராள் என்று சொல்லும்படி கேட்டாள். குடும்பத்தில் செவிலியர் நீங்கள் ஒருவர்தான். அவர் அந்தப் புத்தகத்தை மகனுக்கு அனுப்பாமல் உங்களுக்கு அனுப்பியதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இத்தகைய நாவல்களை நானும் நிறையப் படித்திருக்கிறேன். காதல் நாவல்களை வெளியிடும் ஹார்லெக்வின் நிறுவனம் 1997இல் இவற்றுக்கென்றே ஒரு தனி வரிசையைத் தொடங்கும் அளவுக்கு வாசகர்கள் இருந்தார்கள். மதுவும் வசையும் இல்லாமல், படுக்கையறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கும் அந்தக் கதைகளின் ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் அப்பாவின் நோய் மகளை வீட்டுக்கு வரவழைக்க மட்டுமே பயன்படுகிறது. முதல் அத்தியாயத்தில் தொலைபேசி ஒலிக்கும். இரண்டாவதில் அவள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். அதன்பிறகு அப்பா வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து நல்வார்த்தை சொல்வதோடு சரி. பனியில் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து, ஈனப்போகும் பசுவைப் பார்த்துவிட்டு வரும் வேலை ஓர் இரவுக் காட்சியோடு முடிந்துவிடும். நோய் தெரிந்த கணமே ஊர் திரும்பியாக வேண்டும் என்பது அந்தக் கதைகளின் விதி. நீங்களும் அந்த விதியைத்தான் நம்பியிருக்கிறீர்கள், உங்கள் மாமியாரைவிட அதிகமாகவே நம்பியிருக்கிறீர்கள். அதனால்தான் சொன்னால் மூட்டை கட்ட வேண்டிவரும் என்று வாய்மூடி இருக்கிறீர்கள். மாமனாரின் நிலையைச் சொல்வது வேறு, குடிபெயர்வது வேறு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர் நீங்கள்.

உங்களுக்கு வருத்தமாக இருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு கதையைக் காட்டி வளைக்கப் பார்க்கிறார் என்று மாமியார்மீது குறை சொல்கிறீர்கள். உண்மையைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு கணவரின் முடிவை நீங்களும் வளைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அவர் லூக்கா 15ஐ எடுத்துவைத்துப் போராடுவதும் இதனால்தானோ என்று நினைக்கிறேன். அந்த உவமையில் தகப்பன் திடமாக இருக்கிறார், தூரத்தில் வரும் மகனைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். தன் தகப்பன் இன்னும் அப்படித்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே உங்கள் கணவர் முடிவெடுக்கப் பார்க்கிறார். பின்னொரு நாள் விஷயம் வெளிவந்து, "உனக்கு நவம்பரிலேயே தெரியுமா?" என்று அவர் கேட்டால், அந்தக் கேள்விக்கு ஒமாஹா வேலையும் பள்ளிக்கூடமும் பதிலாகாது.

உங்கள் வேலையும் பிள்ளையின் படிப்பும் அற்பம் என்று நான் சொல்லவில்லை. 2022 கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாயிகளின் சராசரி வயது 58.1, யார் திரும்பிப் போவது என்ற வழக்கு அங்கே எத்தனையோ வீடுகளில் நடக்கிறது, எல்லா வீட்டிலும் மூத்த மருமகளே போக வேண்டியதில்லை. டென்வர் மகனையும் கூட்டிவைத்துப் பேசுங்கள். மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம், மந்தையைக் குறைக்கலாம், ஆள் வைக்கலாம். அதற்கெல்லாம் முன்னால் மாமனாரை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு கோளாறு, பி12 குறைபாடு, மருந்துகளின் பக்கவிளைவு, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மருத்துவர் பார்க்கும்வரை பிக்கப் வண்டியின் சாவியும் வீட்டுத் துப்பாக்கிகளும் யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

கன்று ஈனும் காலம் பிப்ரவரியில் தொடங்கிவிடும், அதுவரை தள்ளிப்போடாதீர்கள். இன்றிரவே கணவரிடம் சங்கிலியையும், உங்கள் அப்பாவைப் பற்றிய அந்தக் கேள்வியையும் சொல்லிவிடுங்கள். மாமியாருக்கு எதையும் புரியவைக்க முயல வேண்டாம். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்து, "இந்தக் கோட்டை எதற்காகப் போட்டீர்கள், அம்மா?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, எவ்வளவு நேரமானாலும் அவர் பேசும்வரை காத்திருங்கள்.