வாசலில் டிவி சர்வே: வாசகர் கேள்வி பதில்

டிவி பற்றிக் கருத்துக் கேட்க வீடு தேடி வருகிறவர்களைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தார். "விளம்பரங்கள் இருப்பதால்தான் நல்ல நிகழ்ச்சிகளைக் குறைந்த செலவில் பார்க்க முடிகிறது. எனவே டிவியில் விளம்பரங்கள் வருவதை ஏற்கிறீர்களா?" என்று கேட்டார். ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் சீரியலுக்கு நடுவில் விளம்பரம் வந்தால் தினமும் எரிச்சல்படுகிறவள் நான். ஏன் அப்படிச் சொன்னேன்? (வாசகி, தாராபுரம்)

பதில்: கேட்ட கேள்விக்கு நீங்கள் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறீர்கள் அம்மா, கோளாறு கேள்வியில் இருக்கிறது. முதல் வாக்கியம் ஒரு பக்கத்து நியாயத்தை மட்டும் சொல்லிவிடுகிறது, அடுத்து "எனவே" என்று ஒரு வார்த்தை, அதற்குப் பிறகு மறுத்தால் நாம்தான் நியாயம் தெரியாதவர் போல ஆகிவிடும். வாசலில் நின்று மரியாதையாகக் கேட்கிற ஒருவரிடம் யார்தான் மறுப்பார்கள்?

அதைவிட முக்கியம், அந்தக் கேள்வி எதைக் கேட்கவில்லை என்பது. விளம்பரமே வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை, அளவுக்கு மீறி வருகிறது என்பதுதான் உங்கள் குறை. நம் நாட்டுக் கேபிள் டிவி விதிகளில் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம் என்று வரம்பே இருக்கிறது: 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். "மணிக்கு எத்தனை நிமிடம் விளம்பரம் வந்தால் சரி என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் உங்கள் எரிச்சலுக்கு அந்தப் படிவத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கும்.

இந்த வகைக் கேள்வி புதிதும் அல்ல. அமெரிக்காவில் ஒளிபரப்பாளர்களின் சங்கம் 1959-இல் டிவிக்காக ஒரு தகவல் அலுவலகத்தைத் தொடங்கியது. விடை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்ட வினாடி வினா நிகழ்ச்சிகளின் மோசடி வெளியாகி டிவியின் பெயர் கெட்டிருந்த நேரம் அது. எல்மோ ரோப்பரின் கருத்துக்கணிப்பு நிறுவனத்தை அமர்த்தி, நாடு முழுக்க வீடு வீடாகக் கேள்வி கேட்க வைத்தார்கள், அது பல வருடங்கள் தொடர்ந்தது. அதில் ஒரு கேள்வி, எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், டிவி பார்ப்பதற்கு நாம் தரும் நியாயமான விலைதான் விளம்பரம் என்பதை ஏற்கிறீர்களா, என்கிற மாதிரி. பெரும்பான்மையோர் ஏற்றார்கள். வேறு என்ன விலை கொடுக்கலாம், விலையைக் குறைக்க வழி உண்டா என்பது கேள்வியில் இல்லாதபோது ஏற்காமல் என்ன செய்வார்கள்?

கேள்வி: "மக்கள் செய்திக்கு அதிகம் நாடுவது டிவியைத்தான், அதிகம் நம்புவதும் அதைத்தான்" என்று அடிக்கடி படிக்கிறேன். எங்கள் வீட்டில் காலையில் பேப்பர் வராவிட்டால் அப்பா சண்டைக்குப் போவார். இந்த முடிவுகளை எப்படி எடுத்துக்கொள்வது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: மறுபடியும் ரோப்பர் கதைதான் வருகிறது, ஏனென்றால் அந்த வாக்கியத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் அந்த சர்வேக்குப் பெரிய பங்கு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் டிவி செய்தித்தாளை முந்திவிட்டது என்று அறிவித்தார்கள். ஆனால் கேட்டது என்ன என்று பாருங்கள்: "இன்று உலகில் நடப்பதைப் பற்றிய செய்திகளைப் பெரும்பாலும் எங்கிருந்து பெறுகிறீர்கள்?" உலகம் என்று சொன்னதுமே யுத்தமும் ஜனாதிபதியும் ராக்கெட்டும்தான் மனதில் வரும், அவை டிவியில் பார்த்தவை. உள்ளூர்ப் பள்ளிக்கூடம், நகராட்சி, தண்ணீர் வரி யாருக்கும் நினைவு வராது. உள்ளூர்ச் செய்தி என்று பிரித்துக் கேட்டபோது செய்தித்தாள் மேலே வந்ததைப் பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நம்பிக்கைக் கேள்வியும் அப்படித்தான். ஒரே செய்தியை ரேடியோ, டிவி, பத்திரிகை எல்லாம் வேறுவேறு விதமாகச் சொன்னால் எதை நம்புவீர்கள் என்று கேட்டார்கள். படம் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது, அதனால் டிவி என்று வருகிறது. எந்த டிவி, எந்தப் பத்திரிகை என்பது கிடையாது. ஒரு நல்ல நாளிதழையும் ஒரு கிசுகிசுத் தாளையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு "செய்தித்தாளை நம்புகிறீர்களா" என்று கேட்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஒரு சர்வேயின் முடிவு பத்திரிகையில் வந்தால், சதவீதத்துக்கு முன்னால் கேள்வி முழுசாக அச்சாகியிருக்கிறதா, பணம் கொடுத்தது யார் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத முடிவை நான் யாரிடமும் எடுத்துச் சொல்வதில்லை.

கேள்வி: வார்த்தை கொஞ்சம் மாறினால் அவ்வளவு வித்தியாசம் வந்துவிடுமா? மக்களுக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்காதா? (வாசகர், காரைக்குடி)

பதில்: இருக்கும். ஆனால் நாம் அதுவரை யோசித்தே பார்க்காத விஷயத்தைக் கேட்டால் பதிலைக் கேள்வியிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். 1941-இல் அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு பகுதி மக்களிடம் கேட்டார்கள், 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதே பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமா என்று இன்னொரு பகுதியிடம் கேட்டபோது ஆம் என்றவர்கள் 46 சதவீதம்தான். அனுமதிக்கக் கூடாது என்றாலும் தடை செய்ய வேண்டும் என்றாலும் நடக்கப்போவது ஒன்றுதான், ஆனால் தடை என்று கேட்டதும் மனது தயங்குகிறது.

கேள்விகளின் வரிசையும் அதே வேலையைச் செய்யும். 1948-இல், கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை அமெரிக்காவுக்குள் வந்து செய்தி அனுப்ப விடலாமா என்று முதலில் கேட்டபோது 36 சதவீதம் பேர் விடலாம் என்றார்கள். அமெரிக்க நிருபர்களை ரஷ்யா உள்ளே விட வேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டு அதற்கு அப்புறம் இதைக் கேட்டபோது 73 சதவீதம்! நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா என்று மக்களே யோசித்துவிட்டார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், ஏனென்றால் இரண்டாவது முறையில் கிடைத்த பதிலைப் பொய் என்று சொல்லவே முடியாது.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 2019 பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் புதிய சேனல் கட்டண முறை அமலுக்கு வந்தது. "உங்களுக்கு வேண்டிய சேனலுக்கு மட்டும் பணம் கட்டும் முறை வேண்டுமா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "100 சேனல் வரைக்கும் அடிப்படையாக 130 ரூபாயும் வரியும் கட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனியாகக் கட்டும் முறை வேண்டுமா?" என்று கேட்டால் பாதிப் பேர் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். இரண்டும் அன்று வந்த ஒரே முறையின் வருணனைதான்.

கேள்வி: டிவி சர்வே என்று வந்தவர் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா, விவசாய நிலம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். இதற்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம்? டிஆர்பி பெட்டி வைக்கப் போகிறார்களா? (வாசகர், மணப்பாறை)

பதில்: பயப்பட வேண்டாம், அது வீட்டின் வசதியை அளக்க 2011 முதல் பயன்பட்ட பட்டியல். குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பையும், 11 பொருட்களில் வீட்டில் எத்தனை இருக்கிறது என்பதையும் வைத்து வகை பிரிப்பார்கள். மின் இணைப்பு, சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று போகிற அந்தப் பட்டியலில் விவசாய நிலமும் உண்டு.

டிஆர்பி, அதாவது எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பெட்டி வைத்து எடுக்கும் கணக்கு, வேறு. அந்தக் கணக்கை எடுக்கும் பார்க் அமைப்பு 2018-இல் சுமார் 3 லட்சம் வீடுகளில் நடத்திய சர்வே, எத்தனை வீடுகளில் டிவி இருக்கிறது என்று கணக்கெடுத்தது. டிவி உள்ள வீடுகள் 19.7 கோடி என்று அதில் வந்தது. பெட்டி வைப்பது அதைவிட மிகக் குறைந்த வீடுகளில்தான், அவை எவை என்பதும் ரகசியம். ரகசியம் கசிந்தால் என்ன ஆகும் என்பதை 2020-இல் மும்பையில் வெடித்த டிஆர்பி புகார்களில் (பெட்டி உள்ள வீடுகளுக்குப் பணம் கொடுத்துச் சில சேனல்களை ஓடவிட்டதாக) பார்த்தோம், செய்திச் சேனல்களின் ரேட்டிங் அந்த அக்டோபரில் நிறுத்தப்பட்டு 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. ஆனால் பெட்டி, என்ன ஓடுகிறது, பட்டன் அழுத்தினால் யார் பார்க்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்லும். பிடித்துப் பார்த்தீர்களா, ரிமோட் மாமனார் கையில் இருந்ததா என்பதை ஆள் வந்து கேட்டால்தான் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வி ஒழுங்காக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: நான் பதில் சொல்லத் தயாராக நின்றேன். "உங்க மாமியார்கிட்டதான் கேட்கணும்" என்று சர்வேக்காரர் அடம்பிடித்தார். இது என்ன நியாயம்? (வாசகி, விருத்தாசலம்)

பதில்: நல்ல சர்வே அது! கதவைத் திறக்கிறவரையே கேட்டால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டுமே சேரும். வீட்டில் உள்ளவர்களை வரிசையாக எழுதி, ஓர் அட்டவணைப்படி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949-இல் வகுத்த முறை இது. மாமியார் பதில் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: கேள்வி சாய்வாக இருக்கிறது என்று தோன்றினால், வந்தவர் மனம் நோகாமல் என்ன சொல்வது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வெயிலில் படியேறி வருகிற அந்தப் பிள்ளைகள் கேள்வியை எழுதியவர்கள் இல்லை, ஒரு வார்த்தையை மாற்றவும் அவர்களுக்கு அனுமதி கிடையாது. பலருக்கு முடித்த படிவத்துக்குத்தான் கூலி. தண்ணீர் கொடுங்கள், அவர்களிடம் வாக்குவாதம் வேண்டாம். "இன்னொரு தடவை படிங்க" என்று கேட்கலாம். கொடுத்த நாலு பதிலில் உங்கள் பதில் இல்லையென்றால் "இதுல எதுவும் இல்ல" என்று சொல்லுங்கள், அதற்கென்று ஒரு குறியீடு பெரும்பாலும் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரே கேள்விக்குள் இரண்டு விஷயம் இருந்தால், உதாரணமாக "சீரியல்கள் வன்முறையாகவும் மூடநம்பிக்கையாகவும் இருக்கின்றனவா" என்றால், இரண்டையும் பிரித்துப் பதில் சொல்லி, அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: கடைசியில் போன் நம்பர் கேட்டார்கள். கொடுக்கலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: உண்மையிலேயே உங்கள் வீட்டுக்கு வந்தாரா என்று மேற்பார்வையாளர் சில வீடுகளுக்கு போன் செய்து சரிபார்ப்பார், நம்பர் அதற்குத்தான். எந்த நிறுவனம் என்று கேட்டு, அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம், விருப்பமில்லையென்றால் மறுக்கவும் செய்யலாம். ஆதார் நம்பர், வங்கி விவரம், ஓடிபி எதுவும் டிவி சர்வேக்குத் தேவையில்லை. அதைக் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.