பள்ளியில் படித்த முக்கோணவியல் உங்கள் பொழுதுபோக்கில் எப்போதாவது பயன்பட்டதுண்டா?

பயன்பட்டதுண்டு. என்னிடம் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய அம்பாசடர் கார் ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகத்தில் வந்த கோபுரத்தின் உயரமும் பட்டத்து நூலின் நீளமும் அதன் அருகில்கூட வந்ததில்லை. ஆனால், பூச்சிய டிகிரியை ஒட்டி கொசைன் மதிப்பு மிக மெதுவாகவே மாறும் என்ற செய்தி, இக்னிஷன் டைமிங் வைக்கும்போது பெரிதும் உதவியது.

பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சில டிகிரி முன்பாகவே ஸ்பார்க் பிளக்கில் பொறி விழ வேண்டும். அந்த டிகிரியை எண்ணத் தொடங்குவதற்கு உச்சி எது என்பது துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். என் காரில், பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டின் முனையிலுள்ள புல்லியில் அதைக் காட்ட இருந்த குறி தேய்ந்து போயிருந்தது. பிஸ்டன்களுக்கு மேல் மூடியாக இருக்கும் எஞ்சின் ஹெட்டைக் கழற்றியிருந்ததால், பிஸ்டன் ஏறி நிற்கும் இடத்தைப் பார்த்தே உச்சியைக் குறித்துவிடலாம் என்று எவருக்கும் தோன்றும். கணக்கு அதற்கு இடம் தருவதில்லை; உச்சியைப் பூச்சிய டிகிரியாகக் கொண்டால், பிஸ்டனின் உயரம் கிராங்க் கோணத்தின் கொசைனை ஒட்டியே மாறுகிறது. இந்த எஞ்சினில் கிராங்கின் ஆரம் 44.45 மி.மீ., கிராங்க்கையும் பிஸ்டனையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளம் சுமார் 165 மி.மீ. கிராங்க் 90 டிகிரியில் இருக்கும்போது ஒரு டிகிரி திருப்பினால் பிஸ்டன் 0.78 மி.மீ. நகர்கிறது, உச்சியிலிருந்து அதே ஒரு டிகிரி திருப்பினாலோ 0.01 மி.மீ. கூட இறங்குவதில்லை. எனவே, உயரத்தை அளப்பதில் 0.1 மி.மீ. பிசகினால், டைமிங்கில் 3 டிகிரிக்கு மேல் பிசகிவிடும்.

ஆகவே உச்சியை உச்சியில் தேடக் கூடாது. பிளாக்கின் மேல் ஓர் இரும்புப் பட்டையைக் குறுக்கே பொருத்தி, உச்சிக்கு ஏறத்தாழ 10 மி.மீ. கீழேயே பிஸ்டனைத் தடுக்கும்படி அதில் ஒரு போல்ட்டை இறக்கினேன். கிராங்க்கை ஒரு பக்கமாகப் பிஸ்டன் முட்டும் வரை திருப்பிப் புல்லியில் ஒரு கோடும், எதிர்ப்பக்கமாக முட்டும் வரை திருப்பி இன்னொரு கோடும் இட்டால், இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உச்சி. மைனஸ் கோணத்தின் கொசைனும் பிளஸ் கோணத்தின் கொசைனும் ஒன்றே என்று மனப்பாடம் செய்தோமே, அதன் பொருள் இவ்வளவுதான். அந்த இடத்தில் கிராங்க் கோணம் சுமார் 35 டிகிரியாக இருப்பதால், 0.1 மி.மீ. பிசகு வந்தாலும் கோணத்தில் 0.2 டிகிரி கூட மாறாது. போல்ட்டின் நீளம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

உச்சியிலிருந்து டைமிங் குறிக்கு நகர்வது எளிது. புல்லியின் விட்டத்தை அரைக்கோணத்தின் சைனால் பெருக்கினால் நாண் நீளம் கிடைக்கும்: 130 மி.மீ. விட்டத்திற்கு 10 டிகிரி என்பது 11.3 மி.மீ. அதைக் கவராயத்தில் எடுத்துக் குறித்துவிடலாம்.

சக்கரம் செங்குத்திலிருந்து பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கேம்பர் கோணத்தைத் தூக்குக்குண்டு தொங்கவிட்டு டேன்ஜென்ட் மூலம் காணலாம், 400 மி.மீ. உயரத்தில் 7 மி.மீ. விலகினால் அது ஒரு டிகிரி. முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் டோ-இன் அளவைக் கையேடே நீளமாகக் கொடுத்துவிடுவதால், அதற்கு அளவுநாடா போதும்.