ஊஞ்சலில் இருக்கும் சிறுமி யார்?

கேள்வி: புத்தக அட்டை வடிவமைத்துக்கொண்டிருந்தவள் நான். போர் தொடங்கியபின் அந்த வேலை இல்லை. கரண்ட் இருக்கிற நேரத்தில் பழைய லேப்டாப்பில் கொலாஜ் செய்கிறேன். குடும்ப ஆல்பப் படங்களையும் இடிந்த கட்டடங்களின் படங்களையும் சேர்த்து. போன மாதம், முன்சுவர் விழுந்துபோன ஓர் அடுக்குமாடியின் நாலாவது மாடியில் ஊஞ்சலாடும் சிறுமி ஒருத்தியை வைத்தேன். ஆறு வயதில் எடுத்த என் படம்தான் அது. யாரோ என் பெயரை வெட்டிவிட்டு, நிஜப் படம் என்று பரப்பிவிட்டார்கள். அந்தக் குழந்தையைத் தேடி இரண்டு பேர் அந்தக் கட்டடத்துக்குள் ஏறியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் ‘பொய்க்காரி’ என்று ஒரே திட்டு. “ஊரே எரியுது, நீ வெட்டி ஒட்டிக்கிட்டிருக்கியா?” என்கிறார் அண்ணன். நிறுத்திவிடவா? இறந்தவர்களின் படங்களைப் பயன்படுத்துவது சரியா? (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: அந்த இரண்டு பேரும் பத்திரமாக இறங்கிவிட்டார்களா? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. இறங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன்.

முதலில் அண்ணன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும் என்றால் போய்ச் சுமந்துவிட்டு வாருங்கள், கொலாஜ் எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் போர்க்காலத்துக்கு ஒட்டாத வேலை இது என்று அவர் நினைத்தால், அது சரியில்லை. ஹன்னா ஹோஹ் என்ற பெண் பெர்லினில் ஒரு பத்திரிகை நிறுவனத்துக்குப் பூத்தையல் மாதிரிகள் வரைந்து சம்பாதித்தவர். முதல் உலகப் போர் முடிந்த சூட்டோடு, 1919இல், அச்சுப் படங்களை வெட்டி, ஜெர்மனியின் பெரிய மனிதர்களையும் எந்திரச் சக்கரங்களையும் ஒன்றாகக் கலந்து ஒட்டினார். ஜான் ஹார்ட்ஃபீல்ட் என்ற ஜெர்மன் கலைஞர் 1932இல் ஹிட்லரின் நெஞ்சை எக்ஸ்ரே மாதிரி திறந்து, உள்ளே தொண்டை வரைக்கும் நாணயங்களை அடுக்கிக் காட்டினார். மறு வருடமே அவரைப் பிடிக்க ஹிட்லர் அரசின் ஆட்கள் வந்தார்கள். பால்கனியிலிருந்து குதித்து, எல்லை தாண்டித் தப்பினார். வெறும் பொழுதுபோக்கு என்றால் எந்த அரசும் ஆள் அனுப்பாது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

இனி, உங்களைத் தூங்கவிடாத விஷயம். வெட்டி ஒட்டியது பிசகு இல்லை. ஒட்டே தெரியாமல் ஒட்டியதுதான் பிசகு.

2003இல் ஈராக்கில் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர், அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக்கி அனுப்பினார். ஒன்றில் கையை நீட்டி எச்சரிக்கும் சிப்பாய் நன்றாக விழுந்திருந்தார், மற்றதில் குழந்தையைத் தூக்கிவரும் மனிதர். முதல் பக்கத்திலேயே வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒரே ஆட்கள் இரண்டு தடவை இருப்பது பிறகு கண்ணில் பட்டது. வேலை போயிற்று. வியட்நாம் போரின்போது அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராஸ்லர் செய்ததும் இரண்டு படங்களைச் சேர்த்ததுதான். ஒரு பெண் வாக்குவம் கிளீனரால் திரைச்சீலையைச் சுத்தம் செய்கிறாள். திரை விலகிய இடத்தில், வெளியே, சிப்பாய்கள். பளபளப்பான வீட்டு அலங்காரப் பத்திரிகைப் படமும் போர்ப் படமும். இவற்றை ஜெராக்ஸ் எடுத்துப் போர் எதிர்ப்புக் கூட்டங்களில் கொடுத்தார். இப்படி ஒரு வீடு இருக்க முடியாது என்று பார்த்த உடனே தெரியும். தெரிவதால்தான் உறைக்கிறது.

சிரியக் கலைஞர் தம்மாம் அஸாமின் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். குண்டு துளைத்த கட்டடச் சுவரில், ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ ஓவியம். 2013இல் உலகம் முழுக்கச் சுற்றியது. கணினியில் செய்த கொலாஜ் அது, ஆனால் சுவரிலேயே தீட்டியது என்று பலர் நம்பினார்கள். சரி, ஓவியத்தைத் தேடிக்கொண்டு யாரும் இடிபாட்டுக்குள் ஏறப்போவதில்லை. குழந்தை என்றால் ஏறுவார்கள்.

கணினி வருவதற்கு முன்னால் நான் பத்திரிகை லே-அவுட் மேசையில் பிளேடும் பசையுமாக இருந்தவன். வெட்டிய படத்தின் ஓரத்தில் காகிதத்தின் வெள்ளை, ஒரு முடி கனத்துக்குத் தெரியும். அச்சில் கோடாக விழுந்துவிடுமே என்று கறுப்புப் பேனாவால் அந்த ஓரத்தை மெல்லத் தடவி மறைப்போம். கணினியில் படத்தின் வேண்டாத பகுதியை மறைக்கிற ‘மாஸ்க்’கின் ஓரத்தை இரண்டு பிக்சல் மங்கலாக்கி நீங்கள் செய்வதும் அதே வேலைதான். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய கலர் பிரிண்டின் சிவந்துபோன நிறத்தைத் திருத்தியிருக்கிறீர்கள். ஊஞ்சல் பலகைக்குக் கீழே நிழல்கூட வைத்திருக்கிறீர்கள், இடப்பக்கத்து வெயிலுக்குச் சரியாக. அருமையான கைவேலை. அந்த நிழல்தான் இரண்டு பேரை நாலு மாடி ஏற்றியது.

நிழலை எடுத்துவிடுங்கள். நிறம் சிவந்தபடியே இருக்கட்டும். ஆல்பப் படத்தை அதன் வெள்ளை பார்டரோடு, மடிந்த மூலையோடு ஒட்டுங்கள். இல்லையென்றால் சிறுமியை இரண்டு மாடி உயரத்துக்கு வையுங்கள். கட்டடத்தைவிடப் பெரிய குழந்தையை யாரும் தேடிப்போக மாட்டார்கள், ஆனால் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். பெயரை மூலையில் போடாதீர்கள், மூலைதான் முதலில் வெட்டுப்படும். ஊஞ்சல் பலகையிலேயே எழுதுங்கள். கீழே நாலு வரி விளக்கம் போட்டால் போதாதா என்பீர்கள். போதாது. படம் போகிற இடத்துக்கெல்லாம் அந்த வரிகள் கூடவே போவதில்லை.

ஏற்கெனவே பரவிவிட்டதற்கு: ஊஞ்சல் படம், கட்டடத்தின் படம், இரண்டும் சேர்ந்த படம் மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். ‘இது நான், ஆறு வயதில்’ என்று எழுதுங்கள். தேடிப்போன இருவரிடம் மன்னிப்பும் கேளுங்கள். பரப்பியவர்தான் பெரிய குற்றவாளி, ஆனாலும் கேளுங்கள்.

இறந்தவர்களைப் பற்றி நான் கொஞ்சம் கறார். உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருப்பவர்கள் உங்கள் மனிதர்கள், அதை வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த வீட்டு மரணம் என்றால், அந்த வீட்டாரைக் கேட்காமல் முகத்தைத் தொடாதீர்கள். கேட்க வழி இல்லையா, முகம் வேண்டாம். ஒரு செருப்பு, ஒரு கை, நாற்காலியில் தொங்கும் சட்டை போதும். உயிரோடு இருப்பவர்களின் முகத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஒரு படத்தை வைத்தே ஆளைத் தேடி வருகிற காலம் இது. கட்டடப் படங்களும் அப்படித்தான். தாக்கப்பட்ட இடத்தின் படத்தைச் சுடச்சுட வெளியிடுவதற்குச் சில நாடுகளில் தடை இருக்கிறது, குண்டு எங்கே விழுந்தது என்று எதிரிக்குச் சொல்வதாகிவிடும் என்பதால். நாள் கழித்து வெளியிடுங்கள். போனில் எடுத்த படத்துக்குள் நேரமும், லொகேஷன் போட்டிருந்தால் இடமும் பதிவாகியிருக்கும், அதையும் நீக்கிவிட்டு.

ஆனால் மூலப் படத்தில் எதையும் நீக்காதீர்கள். நகல் எடுத்து அதில் வெட்டுங்கள். வெட்டிய படத்தை மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டால், அந்தக் கட்டடம் எப்போது, எப்படி இருந்தது என்பதற்கான சாட்சியும் சேர்ந்து போய்விடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரமும் குறையும், உள்ளிருக்கும் தகவலும் போகும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். போர் நடக்காத ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு, ஒட்டிய படங்கள் தனித்தனி அடுக்காக (லேயராக) இருக்கும் கோப்புகளையும் மூலப் படங்களையும் அப்படி அனுப்பி வையுங்கள். ஹன்னா ஹோஹ் நாஜி காலத்தில் தன் படங்களையும் நண்பர்களின் படங்களையும் ஊருக்கு வெளியே இருந்த சின்ன வீட்டில் ஒளித்து வைத்திருந்தார், தோட்டத்து மண்ணில்கூடப் புதைத்து. இன்று அவை நம் கண்ணுக்குக் கிடைப்பது அதனால்தான். உங்களுக்குத் தோண்டுகிற வேலை இல்லை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேமித்தால் சரி.

அப்புறம் ஒன்று. அந்த ஊஞ்சல் படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா? பழைய பிரிண்டுகளில் யாராவது தேதியோ பெயரோ கிறுக்கி வைத்திருப்பார்கள். இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். அடுத்த கொலாஜில் சிறுமியைத் திருப்பி வைத்து, அந்தப் பின்பக்கம் மட்டும் தெரியும்படி ஒட்டிப் பாருங்கள்.