செல்போன் கடையில் உட்காரும் பையனுக்கு ஏஐ சீட் எதற்கு?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தின் சாரம் இதுதான். மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணக்கில் தட்டுத் தடுமாறி 52. லீவு விட்டால் பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையே கதி. தாய்மாமா ஒரு சுயநிதிக் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்' சீட் பேசி வைத்திருக்கிறார். நாலு வருடத்துக்கு 10 லட்சம், வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன். "இவன் கடையிலேயே உட்கார்ந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது" என்கிறீர்கள்.

பயம் நியாயம்தான். ஆனால் அந்த சீட் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டரை லட்சமாக 10 லட்சம் வாங்கி, வட்டி 11 சதவீதம் என்று வைத்தால், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது கடன் 14 லட்சத்தைத் தொட்டிருக்கும். பத்து வருடத்துக்கு மாதம் ஏறத்தாழ 19,000 ரூபாய். முதல் வேலையின் சம்பளம் அதைவிடக் கொஞ்சம்தான் கூட இருந்தால் வீட்டுக்கு என்ன வரும்? மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தவணையில் பாதியை அவர் கட்டுவாரா?

காசு கிடக்கட்டும், பையனைப் பாருங்கள். அந்தப் படிப்பின் முதுகெலும்பே நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல். கணக்கைக் கண்டால் ஒதுங்குகிறவனை அதில் தள்ளினால் அரியர்தான் சேரும். அவனுடைய கை எங்கே தானாகப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போன்.

கடையில் ஸ்கிரீன் மாற்றுவதையே தொழிலாக வைத்துக்கொள் என்று சொல்ல வரவில்லை. நர்சிங், பாலிடெக்னிக், டிஎன்பிஎஸ்சி பற்றியெல்லாம் உறவினர்கள் ஏற்கெனவே பாடம் எடுத்திருப்பார்கள், அதையும் விடுகிறேன். உங்கள் ஊரில் யாரும் சொல்லாத ஒரு வேலை இருக்கிறது.

ஒரு பெரிய கம்பெனி ஐயாயிரம் ஊழியர்களுக்கு போனும் டேப்லெட்டும் கொடுக்கிறது என்று வையுங்கள். பார்சல் கொண்டுவருகிறவர் கையில், வங்கிக் கடன் வசூலிப்பவர் கையில், குடோனில் பார்கோடு அடிப்பவர் கையில் இருப்பவை அவைதான். ஒவ்வொன்றிலும் எந்த ஆப் இருக்க வேண்டும், எது கூடாது, போன் தொலைந்தால் எப்படிப் பூட்டுவது, வேலையை விட்டுப் போனவரின் போனிலிருந்து கம்பெனி மெயிலை மட்டும் எப்படி எடுப்பது என்பதையெல்லாம் ஒரு இடத்தில் உட்கார்ந்து நடத்த ஆள் வேண்டும். எம்டிஎம், யூஇஎம், எண்ட்பாயிண்ட் மேனேஜ்மென்ட் என்று பல பெயர்கள். மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன், ஆப்பிள் கருவிகளுக்கான ஜாம்ஃப், சென்னையில் தலைமையிடம் உள்ள ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் எல்லாம் இதற்கான மென்பொருள்கள். தரவைச் சரியாகக் காக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே இந்த வேலையை இனி யாரும் ஒப்புக்குச் செய்ய முடியாது.

இதில் புத்தகக் கணக்கு கிடையாது. பொறுமையும் வரிசை தவறாத கையும்தான் வேண்டும். ஒரு உதாரணம். கடைகளில் பில் போடும் டேப்லெட்டுகளை ஒரே ஆப் மட்டும் திறக்கும்படி பூட்டி வைப்பார்கள், அதைக் கியோஸ்க் என்பார்கள். செட்டிங்ஸ் திறக்காது. ஒருநாள் யாரோ கடையின் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறார்கள். புதிய பாஸ்வேர்டு டேப்லெட்டுக்குப் போக வைஃபை வேண்டும், வைஃபைக்குள் நுழையப் புதிய பாஸ்வேர்டு வேண்டும். சிம்மும் இல்லையென்றால் முடிந்தது கதை. ஒவ்வொரு கடைக்கும் ஆள் அனுப்பிக் கையால் திறக்க வேண்டியதுதான். தெரிந்தவர் முதலில் புதிய வைஃபை விவரத்தை எல்லாக் கருவிக்கும் தள்ளுவார், எல்லாம் வாங்கிக்கொண்டதா என்று ரிப்போர்ட் பார்ப்பார், பிறகுதான் ரவுட்டரில் மாற்றச் சொல்வார், பழையதைக் கடைசியில்தான் நீக்குவார்.

இன்னொன்று. ஐபோன்களுக்கு உத்தரவு போவது ஆப்பிளின் புஷ் சர்வர் வழியாக. அதற்கான சர்டிஃபிகேட்டுக்கு, அதாவது உத்தரவு உண்மையிலேயே கம்பெனியிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழுக்கு, ஆயுள் ஒரே வருடம். எந்த ஆப்பிள் கணக்கில் வாங்கினார்களோ அதே கணக்கில்தான் புதுப்பிக்க வேண்டும். ஒருவர் தன் சொந்தக் கணக்கில் வாங்கி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டால்? வேறு கணக்கில் புதிதாக எடுத்தால் பழைய போன்கள் அதை ஏற்காது, எல்லா ஐபோனையும் மறுபடி சேர்க்க வேண்டும். ஆயிரம் ஐபோன் என்றால் ஆயிரம் பேரைக் கெஞ்ச வேண்டும். சில நேரம் சர்டிஃபிகேட் சரியாக இருந்தும் உத்தரவு போகாது. அலுவலக நெட்வொர்க்கின் காவல்காரனான ஃபயர்வால் ஆப்பிள் சர்வருக்குப் போகும் வழியை மூடியிருக்கும், அல்லது நடுவில் புகுந்து டிராஃபிக்கைப் பிரித்துப் பார்க்கும். இப்படித் தோண்டித் துருவுவதில் ருசி உள்ளவனுக்குத்தான் இந்த வேலை. கடையில் பிறர் கைவிட்ட போனை இரண்டு மணி நேரம் விடாமல் நோண்டுகிறான் என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் குணம் இங்கே காசாகும்.

ஒன்றை மட்டும் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ரீசெட் செய்த போன் பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கைக் கேட்டு நிற்குமே, அந்தக் கூகுள் லாக்கை உடைத்துக் கொடுப்பது கடைகளில் சர்வசாதாரணம். யாருடைய போன் என்று தெரியாமல் அதைத் தொடவே கூடாது. திருட்டுப் போனாக இருந்தால் வழக்கு, அதோடு இந்தத் துறைக்குள் நுழையவும் முடியாது. வேலைக்கு எடுக்குமுன் பின்னணி விசாரிப்பார்கள்.

படிப்புக்கு என்ன செய்வது? அரசுக் கலைக் கல்லூரியில் பிசிஏ அல்லது பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்களோடு நின்றுவிடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். நெட்வொர்க் பாடத்தில் மட்டும் கோட்டை விடக் கூடாது. ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கருவியின் எண்), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அந்த எண்ணாக மாற்றுவது), சர்டிஃபிகேட் இந்த மூன்றும் புரியாமல் இந்த வேலையில் ஒருநாளும் ஓடாது.

கல்லூரியில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், வீட்டிலேயே பழகலாம். பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கித் தாருங்கள், ஐந்தாறு ஆயிரம் போதும். விற்பவர் தன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுத்தான் ரீசெட் செய்தாரா என்று கடையிலேயே ஆன் செய்து பார்த்து வாங்கட்டும், இல்லையென்றால் பூட்டிய கல்தான் கைக்கு வரும். மேனேஜ்என்ஜினின் எம்டிஎம் மென்பொருளின் இலவசப் பதிப்பில் 25 கருவிகள் வரை சேர்க்கலாம். அதை, கம்பெனி போன்களை நிர்வகிக்கக் கூகுள் தரும் ஆண்ட்ராய்டு எண்டர்பிரைஸ் வசதியோடு இணைத்துவிட்டு, போனை ரீசெட் செய்து, முதல் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் ஸ்கேனர் திறக்கும். ஸ்கேன் செய்ததும் போன் முழுக்க நிர்வாகத்தின் கைக்குள் வந்துவிடும். பிறகு கியோஸ்க் போடட்டும். வேண்டுமென்றே தப்பான வைஃபையைத் தள்ளி மாட்டிக்கொண்டு மீளட்டும். அடுத்து ரீசெட் செய்து, 'ஒர்க் ப்ரொஃபைல்' போட்டுப் பார்க்கட்டும், அதாவது ஊழியரின் சொந்த போனுக்குள் கம்பெனிக்கென்று ஒரு தனி அறை. அதில் கம்பெனி ஆப்களில் சின்னப் பெட்டி அடையாளம் இருக்கும், சொந்தப் படங்களைக் கம்பெனி பார்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இந்த வித்தியாசத்தை நேர்முகத்தில் நிச்சயம் கேட்பார்கள்.

இன்ட்யூனை 30 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், பாடங்கள் மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் காசில்லாமல் உண்டு. மூன்றாம் வருடம், இந்த வேலைக்கென்று மைக்ரோசாஃப்ட் நடத்தும் எம்டி-102 தேர்வு எழுதட்டும். ஆயிரத்துக்கு 700 எடுத்தால் பாஸ், அதன் பிறகு வருடா வருடம் ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பிக்கலாம். "சைபர் செக்யூரிட்டி, 100 சதவீத வேலை உத்தரவாதம்" என்று போர்டு மாட்டி அறுபதாயிரம் கேட்கும் சென்டர்களுக்கு ஒரு பைசா தரக் கூடாது. ஒரே மென்பொருளைக் கட்டிக்கொண்டும் அழக் கூடாது. இதே வேலைக்கான ஏர்வாட்ச் மென்பொருளை 2014-ல் விஎம்வேர் என்ற கம்பெனி வாங்கியது, 2024-ல் அந்தப் பிரிவே ஆம்னிஸா என்ற தனிக் கம்பெனி ஆனது. பெயர்ப் பலகை மாறும், உள்ளே நடப்பது மாறாது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை பெரும்பாலும் சர்வீஸ் டெஸ்க் அல்லது டெஸ்க்டாப் சப்போர்ட். சம்பளம் பெரிதாக இருக்காது, நைட் ஷிஃப்ட் இருக்கும், "மெயில் வரல" என்று எகிறுகிறவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டும். ஆங்கிலத்தில் நாலு வரியில் டிக்கெட் (வந்த புகாரின் பதிவு) எழுதத் தெரியாவிட்டால் அங்கேயே தேங்கிவிடுவான். ஒன்றிரண்டு வருடம் தாக்குப்பிடித்து, கம்ப்யூட்டர் வேலைகளைத் தானாக நடக்கவைக்கும் பவர்ஷெல் கட்டளை மொழியும் கற்றுக்கொண்டால் எண்ட்பாயிண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர், இன்ட்யூன் இன்ஜினியர் என்று தேடி விண்ணப்பிக்கலாம். இதையெல்லாம் அவனிடம் படித்துக் காட்டி, அவனுக்குப் பிடிக்கிறதா என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் இதையும் திணிக்க வேண்டாம்.

மாமா ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் பதற வேண்டாம். தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு விதி வகுக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வகுப்பு தொடங்குமுன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு மிரட்டவும் கூடாது. பத்திரத்தை மட்டும் பேங்குக்கு எடுத்துப் போகாதீர்கள்.