செயற்கையாக உருவாக்கிப் பழக்கிய மனிதர்கள் சந்தோஷமாக இருந்தால் அதில் என்ன தவறு?

ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் வெளியிட்ட ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலை வைத்தே சொல்கிறேன். அதில் மனிதர்களைத் தொழிற்சாலையில் செய்வதுபோல உருவாக்கி, அவரவர் வேலைக்கேற்பப் பழக்குகிறார்கள். ரோஜாக்களையும் படப் புத்தகங்களையும் வரிசையாக வைத்து, 8 மாதக் குழந்தைகளைத் தரையில் விடுகிறார்கள். அவை ஆசையாகத் தவழ்ந்துபோய் இதழைப் பிய்த்து, பக்கத்தைக் கசக்கி விளையாடும் நேரத்தில் சைரன் அலறுகிறது, தரையில் மின்சாரம் பாய்கிறது. இதே பாடம் 200 முறை. அப்புறம் அந்தப் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தைக் கண்டாலே மிரளும். கடைநிலை வேலைக்கென்றால் கருவிலேயே ஆக்சிஜனைக் குறைத்துவிடுகிறார்கள்.

சரி, வளர்ந்தபின் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்டால், அந்தச் சந்தோஷத்தைச் சாட்சியாகவே எடுத்துக்கொள்ள முடியாது என்பேன், ஏனென்றால் ‘எனக்கு இதுவே போதும்’ என்று சொல்லும் மனதையும் அதே தொழிற்சாலைதான் செய்து கொடுத்திருக்கிறது. நாமும் பிள்ளைகளைப் பழக்குகிறோம்தான், ஆனால் நாளைக்கு அவர்கள் நம்மையே எதிர்த்துக் கேட்கும் வழியைப் பிறக்கும் முன்பே அடைத்துவிடுவதில்லை.